காலண்டரில் வராத செவ்வாய்க்கிழமை

1. பதினொன்று இருபது

அன்று செவ்வாய்க்கிழமை. காலை பதினொன்று இருபதுக்குச் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. எடுத்தவர் எஸ்தர் அக்கா. எங்கள் கம்பெனியின் ஆர்டர் பிரிவுக்கு அவர்தான் தலைவி. ஐரோப்பாவுக்குப் போகிற சமையலறைத் துண்டுகளின் ஆர்டர் எல்லாம் அவர் கை வழியாகத்தான் போகும்.

"மீட்டிங்கா? இன்னைக்கா? நாளைக்கு நாலு மணிக்குல்லா சார்?" என்றார். பதிலைக் கேட்கக் கேட்க முகம் வெளுத்துக்கொண்டே போனது. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கோமதி, பையர் இருவது நிமிசமா ஸ்கிரீன்ல உக்காந்திருக்காராம். நம்ம சைடுல ஒரு ஆளு கூட இல்லயாம்."

அவசர அவசரமாக லிங்கைத் திறந்தோம். ஐரோப்பாவில் எங்கள் துண்டுகளை வாங்குகிற அந்தப் பையர் போய்விட்டிருந்தார்.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், அந்த மீட்டிங்கை மாற்றச் சொன்னதே நாங்கள்தான். வாராவாரம் புதன்கிழமை நான்கு மணிக்கு அந்தப் பையருடன் வீடியோ மீட்டிங். அந்த வாரம் புதன்கிழமை ஆடித்தபசுத் திருவிழா. சங்கரன்கோவிலில் தபசு அன்றைக்கு எந்த ஆபீஸ் திறந்திருக்கும்? "இந்த ஒரு வாரம் மட்டும் முன்கூட்டி வைக்க முடியுமா" என்று எஸ்தர் அக்கா கேட்டிருந்தார். பையர் பெருந்தன்மையாகச் சரி என்று சொல்ல, சென்னை ஆட்கள் அதைச் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு மாற்றியும் வைத்துவிட்டார்கள். மாற்றின தகவல் வழக்கமான தலைப்பிலேயே மெயிலாக வந்திருக்கிறது. நாற்பது மெயிலுக்கு நடுவில் அக்கா 'அக்செப்ட்' கொடுத்துவிட்டு, நேரத்தைக் கம்ப்யூட்டரில் உள்ள காலண்டர் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார். காலண்டரோ புதன் நான்கு மணியிலேயே நின்றது. பையர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, தபசு அன்றைக்கும் ஆபீஸ் வர வேண்டியதுதான் என்று அக்கா நொந்துகொண்டிருந்தார்.

நாங்களே கேட்டு மாற்றிய மீட்டிங்குக்கு நாங்களே போகவில்லை. அந்தக் காலண்டரை அமைத்தவள் நான்.

2. லினக்ஸ் எப்படி வந்தது

டைப்பிஸ்டாகத்தான் இந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். கம்ப்யூட்டர் வந்ததும் அதில் உட்கார்ந்தேன். அது கெட்டுப்போனால் திருநெல்வேலியிலிருந்து ஆள் வர இரண்டு நாள் ஆகும் என்பதால் நானே கழற்றிப் பார்க்க ஆரம்பித்தேன். அப்படித்தான் சிஸ்டம் அட்மின் ஆனேன். தனியாகப் படித்துப் பட்டம் எதுவும் வாங்கவில்லை.

பழைய கம்ப்யூட்டர்கள் புது சாஃப்ட்வேரைத் தாங்காமல் திணறியபோது எல்லாவற்றிலும் இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் போட்டேன். மெயிலுக்கும் காலண்டருக்கும் தண்டர்பேர்ட் என்ற இலவச புரோகிராம். ஆர்டர் பிரிவில் ஏழு பெண்கள். முதல் வாரம் என்னைத் திட்டினார்கள். இரண்டாம் மாதம் அதை விட்டால் வேலை ஓடாது என்றார்கள். மெயில் எல்லாம் நம் கம்ப்யூட்டரிலேயே ஒரு பிரதி இருக்கும். எங்கள் பக்கம் நெட் அடிக்கடி போகும். போனாலும் மூன்று வருடத்துக்கு முன் பையரிடம் ஒப்புதல் வாங்கிய துண்டு நிறத்தின் மெயிலைத் தேடி எடுத்துவிடலாம். பிரவுசரில் மெயில் பார்ப்பவர்களுக்கு நெட் போனால் வெள்ளைத் திரைதான்.

பிறகு எங்கள் கம்பெனியைச் சென்னையில் உள்ள ஒரு பெரிய குழுமம் எடுத்துக்கொண்டது. மெயிலும் காலண்டரும் அவர்களுடைய கார்ப்பரேட் சர்வருக்கு மாறின. மெயில் பெரிய சிக்கல் இல்லை. சர்வரில் ஐமேப் என்ற பொது வழியைத் திறந்து விடச் சொன்னேன். திறந்தார்கள். பாஸ்வேர்டை மட்டும் கொடுத்தால் உள்ளே விடாது. தனிச் சன்னல் ஒன்று திறக்கும், போனுக்கு வரும் எண்ணையும் கொடுக்க வேண்டும். தண்டர்பேர்டுக்கு அது தெரியும்.

காலண்டர்தான் முரண்டு பிடித்தது. அந்த சர்வர் காலண்டருக்குத் தன்னுடைய சொந்த பாஷையில் பேசும். தண்டர்பேர்ட் பேசுவது கால்டேவ் என்ற பொது பாஷை. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்க்கிற ஒரு கேட்வே புரோகிராம் ஓப்பன் சோர்ஸில், அதாவது யாரும் இலவசமாக எடுத்து ஓட்டலாம் என்ற முறையில், கிடைத்தது. ஒரு பழைய கம்ப்யூட்டரில் அதை ஓட விட்டேன். சென்னையிலிருந்து ஒரு மீட்டிங் அனுப்பச் சொன்னேன், வந்தது. நேரம் மாற்றச் சொன்னேன், மாறியது. "எல்லாம் சரியா இருக்கு" என்று மானேஜரிடம் சொல்லிவிட்டேன். வாராவாரம் வருகிற மீட்டிங்கில் ஒரு வாரத்தை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்று சோதிக்க எனக்குத் தோன்றவில்லை.

3. இரண்டு தாள்கள்

பையர் போன அரைமணி நேரத்தில் சென்னை ஐடி பிரிவின் தலைவர் பிரபாகர் சார் என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், நான் அன்னைக்கே சொன்னேன். லினக்ஸ், ஓப்பன் சோர்ஸ் கிளையன்ட் எல்லாம் எங்க சப்போர்ட் லிஸ்ட்லயே கிடையாது. உங்க ஆர்டர் டெஸ்க்கை சென்னைக்கு ஷிஃப்ட் பண்ற ப்ரபோசல் ஏற்கெனவே இருக்கு. இப்ப நீங்களே அதுக்குக் காரணம் எடுத்துக் குடுத்துட்டீங்க."

"எங்களுக்குக் கொஞ்சம் டைம் குடுங்க சார்."

"மூணு வாரம். அதுக்கப்புறம் நானே நேர்ல வந்து பாக்கறேன்."

ஆர்டர் பிரிவு சென்னைக்குப் போனால் அந்த ஏழு பேரில் ஒருவர்கூடக் கூடவே போக முடியாது. ஒருவருக்குப் படுத்த படுக்கையாக மாமியார், இன்னொருவருக்குப் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். எஸ்தர் அக்காவின் வீட்டுக்காரருக்குப் புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரம். வேலை போகும், அவ்வளவுதான்.

முதலில் பிரவுசர் வழியாகச் சர்வருக்குள் போய்ப் பார்த்தேன். அங்கே செவ்வாய் பதினொரு மணி என்று ஒழுங்காக இருந்தது. தண்டர்பேர்டில் புதன் நான்கு. ஆக, சர்வர் மேல் பழி சொல்ல வழியில்லை. தவறு எங்கள் பக்கத்தில்.

தபசு முடிந்து வியாழக்கிழமை ஆபீஸ் திறந்ததும் வேலையை ஆரம்பித்தேன். காலண்டர் அழைப்பு என்பது உள்ளே வெறும் எழுத்துதான். யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். வாராந்திர மீட்டிங்குக்கு ஒரு பகுதி, 'இந்த ஒரு வாரம் மட்டும் மாற்றம்' என்பதற்கு அதன் கீழே இன்னொரு பகுதி. சர்வர் அனுப்பியதை ஒரு தாளிலும், கேட்வே மொழிபெயர்த்துக் கொடுத்ததை இன்னொரு தாளிலும் பிரிண்ட் எடுத்தேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்து அன்று முழுவதும் பார்த்தேன். ஒன்றும் புலப்படவில்லை.

மறுநாள் எஸ்தர் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கு இதுல ஒரு எழவும் தெரியாது. ஆனா ரெண்டு தாள ஒத்துப் பாக்கத் தெரியும். பையர் ஆர்டரயும் நம்ம இன்வாய்ஸயும் நான் வருசக்கணக்கா ஒத்துப் பாக்கேன்லா? நீ வாசி, நான் பாக்கேன்."

நான் வாசித்தேன். அவர் ஸ்கேலை வைத்து வரி வரியாக நகர்த்திக்கொண்டு வந்தார். கேட்வே தாளில் இரண்டாம் பகுதியின் நடுவில் ஸ்கேல் நின்றது.

"ஏட்டி, மேல ஏசியா கொல்கத்தானு போட்டிருக்கு. இங்கன மட்டும் வேற பேரு கெடக்கு. ரெண்டும் ஒண்ணா?"

இரண்டும் ஒன்றுதான். நம் நாட்டு நேரத்தைச் சர்வர் ஒரு பெயரால் கூப்பிடுகிறது, தண்டர்பேர்டுக்குத் தெரிந்த பெயர் ஏசியா கொல்கத்தா. கேட்வே முதல் பகுதியில் பெயரை மாற்றிவிட்டு, இரண்டாம் பகுதியில் ஒரு வரியில் மட்டும் மாற்றாமல் விட்டுவிட்டது. 'எந்த நாளுக்குப் பதிலாக இந்த மாற்றம்' என்று சொல்கிற வரி அது. அந்த வரி புரியாததால் மாற்றம் எங்கேயும் ஒட்டாமல் விழுந்துவிட்டது.

"அக்கா, நான் நேத்து பூரா இத முழிச்சி முழிச்சி பாத்தேன்."

"நீ அர்த்தத்தப் பாத்த. நான் எழுத்தப் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு அவர் தன் மேசைக்குப் போய்விட்டார்.

4. அண்ணாச்சி வேண்டாம் என்றார்

எங்கள் மானேஜர் செல்வின் அண்ணாச்சி. நல்ல மனிதர், ஆனால் சென்னை என்றால் பயம். காரணம் தெரிந்துவிட்டது, பிரபாகர் சாருக்கு எழுதப் போகிறேன் என்றதும் எழுந்தே விட்டார்.

"என்னன்னு எழுதப்போற?"

"தப்பு நம்ம கேட்வேலதான், நான்தான் சரியா டெஸ்ட் பண்ணாம விட்டேன்னு எழுதப்போறேன் அண்ணாச்சி."

"ஏம்மா, ஒனக்கென்ன கோட்டியா? அவங்களே காரணம் தேடுதாங்க. நீ கையெழுத்துப் போட்டு வேற குடுக்கியா? நெட் பிரச்சனைனு சொல்லிட்டுப் போ. யாரு வந்து பாக்கப்போறா?"

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் ஊர் நெட்டின் மேல் எந்தப் பழியைப் போட்டாலும் யாரும் நம்புவார்கள். அரைமணி நேரம் அந்த மெயிலை அடிப்பதும் அழிப்பதுமாக இருந்தேன். கடைசியில் எனக்குத் தோன்றியது இதுதான்: நெட் என்று சொன்னால் மூன்று வாரம் கழித்து நான் எதைச் சரி செய்ததாகக் காட்ட முடியும்? தவறு எது என்று சொன்னவளால்தானே அது சரியாகிவிட்டது என்று சொல்ல முடியும்.

நான்கு வரியில் எழுதி அனுப்பினேன். தவறு எங்கள் பக்கம், காரணம் இது, சோதிக்காமல் விட்டது நான், சரி செய்ய முயல்கிறேன். கீழே என் பெயர். பிரபாகர் சாரிடமிருந்து ஒரே ஒரு வார்த்தை பதில் வந்தது: 'நோட்டட்'. அண்ணாச்சி அன்று மாலை வரை என்னோடு பேசவில்லை.

5. தூரத்திலிருந்து ஒரு பதில்

அந்த கேட்வேயை எழுதிப் பராமரிக்கிறவர் எங்கோ ஐரோப்பாவில் இருக்கிறார். சம்பளத்துக்குச் செய்கிற வேலை இல்லை அது. பிழை இருந்தால் எழுதுவதற்கு ஒரு பொதுப் பக்கம் உண்டு. அங்கே எழுதுவதென்றால் உலகமே பார்க்கும். பையர் பெயர், எங்கள் ஆட்களின் மெயில் முகவரி எதுவும் வெளியே போகக்கூடாது. அதனால் ஒரு பொய் மீட்டிங்கை நானே உருவாக்கினேன். வாராவாரம் ஒன்று, அதில் ஒரு வாரத்தை மட்டும் முந்தின நாளுக்கு நகர்த்தினேன். அதே பிழை வந்தது. என்ன செய்தால் பிழை வரும் என்று ஐந்து படிகளாக எழுதினேன். எஸ்தர் அக்கா என் ஆங்கிலத்தில் இரண்டு இடம் திருத்தினார். 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்', அதாவது ஆவன செய்யவும், என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, "என்ன வேணுமோ அதச் சொல்லுட்டி" என்றார்.

மறுநாள் காலை பதில் வந்திருந்தது. 'தெளிவாக எழுதியிருக்கிறீர்கள், நன்றி. பிழை எங்கே என்று தெரிந்துவிட்டது. இதைப் போட்டுப் பார்க்க முடியுமா?' கூடவே திருத்திய புரோகிராம்.

அந்த மெயிலை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். என்ன படித்திருக்கிறீர்கள், எந்தக் கம்பெனி, என்ன பதவி என்று அவர் ஒன்றுமே கேட்கவில்லை. பிழை உண்மையா, படிகள் சரியா, அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

போட்டுப் பார்த்தேன். நகர்த்திய மீட்டிங் சரியாக நகர்ந்தது. ஆனால் நான் இந்தத் தடவை அதோடு நிற்கவில்லை. ஒரு வாரத்தை மட்டும் ரத்து செய்தேன். அது போகாமல் நின்றது. மறுபடி எழுதினேன். இரண்டு நாளில் இன்னொரு திருத்தம் வந்தது. அதில் ரத்து சரியானது. ஆனால் நகர்த்திய மீட்டிங்கை மறுபடியும் நகர்த்தினால் இரண்டாகத் தெரிந்தது. மறுபடி எழுதினேன். 'உங்களிடமிருந்து தப்பிக்க முடியாது போலிருக்கிறது' என்று வேடிக்கையாக ஒரு வரி சேர்த்து மூன்றாவதை அனுப்பினார். அதை நாங்கள் எட்டுப் பேரும் சேர்ந்து நான்கு நாள் உடைக்கப் பார்த்தோம். உடையவில்லை.

மீதி நாட்களில் இன்னொரு வேலையும் செய்தேன். கேட்வே நின்றுபோனால் எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி மறுபடி ஓட்டுவது, லாகின் காலாவதியானால் எந்தச் சன்னல் வரும், எல்லாவற்றையும் தமிழில் ஏழு பக்கம் எழுதி ஆர்டர் பிரிவின் அலமாரியில் வைத்தேன். யாரும் எடுத்துப் பார்த்த மாதிரி எனக்குத் தெரியவில்லை.

6. வெளியே நின்ற எட்டு நிமிடம்

பிரபாகர் சார் சொன்ன நாளில் காலை ரயிலில் வந்து இறங்கினார். போனில் கேட்ட குரலுக்கு ஆளைப் பார்த்தால் சின்ன வயதாக இருந்தார். காபியைப் பாதியில் வைத்துவிட்டு, "ஆரம்பிக்கலாமா?" என்றார்.

எஸ்தர் அக்காவின் திரைக்கு முன் உட்கார்ந்து, தன் போனிலிருந்து ஒரு வாராந்திர மீட்டிங் அனுப்பினார். வந்தது. ஒரு வாரத்தை மட்டும் நகர்த்தினார். கொஞ்ச நேரம் கழித்துத் திரையில் நகர்ந்தது. இன்னொன்றை ரத்து செய்தார், போனது. நகர்த்தியதை மறுபடி நகர்த்தினார். அந்தக் கட்டம் பழைய இடத்திலிருந்து மறைந்து புது இடத்தில் வந்து உட்கார்ந்தது. ஒன்றுதான், இரண்டில்லை.

"ம்" என்றார். "நெட் போனா?"

செல்வின் அண்ணாச்சி யாரையும் கேட்காமல் நெட் கேபிளைப் பிடுங்கினார். "பாருங்க சார்" என்றார். எஸ்தர் அக்கா பழைய ஆர்டர் ஒன்றின் பெயரை அடித்து மெயிலை எடுத்துக் காட்டினார். அண்ணாச்சிக்கு அவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பிரபாகர் சார் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"எல்லாம் சரி மேடம். ஒரு கேள்வி. இது நின்னுபோச்சுன்னா யார் பாப்பாங்க?"

"நான்தான் சார்."

"நீங்க லீவுல இருந்தா? நாளைக்கு நீங்க வேலைய விட்டுட்டா? ஒரே ஒரு ஆள நம்பி ஓடற சிஸ்டத்த நான் எப்படி அப்ரூவ் பண்றது?"

அவர் கேட்டது சரியான கேள்வி. அலமாரியில் ஏழு பக்கம் இருந்தது, ஆனால் அதைப் பார்த்து யாராவது ஓட்டுவார்கள் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

"நாங்க பாப்போம் சார்" என்றார் எஸ்தர் அக்கா.

பிரபாகர் சார் அவரைப் பார்த்தார். "அப்படியா? சரி. கோமதி மேடம், அந்த கேட்வேயை நிறுத்திட்டுக் கொஞ்சம் வெளியில இருங்க."

நிறுத்தினேன். வெளியே வந்து பேக்கிங் ஹால் வாசலில் நின்றேன். உள்ளே துண்டுகளை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண்ணில் எதுவும் நிற்கவில்லை. அக்கா ஒரு தடவைகூட என் கண் முன்னால் கேட்வே ஓடுகிற அந்த கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. உள்ளே போய்விடலாமா என்று இரண்டு தடவை காலை எடுத்து வைத்தேன். எட்டு நிமிடம் ஆனது. கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றதால் அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

கதவைத் திறந்து ஆர்டர் பிரிவில் இளையவளான முத்துமாரி எட்டிப் பார்த்தாள். "அக்கா, வாங்க. ஓடுது."

உள்ளே அந்த ஏழு பக்கமும் மேசையில் விரிந்து கிடந்தது. ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகள். 'இங்கே கொஞ்சம் காத்திருக்கணும்', 'சிவப்பு வந்தால் பயப்படாதே', 'கோமதி இதை எழுத மறந்துட்டா'. நான் மதியச் சாப்பாட்டுக்கு மாடிக்குப் போகும் நேரத்தில் அவர்கள் தினம் ஒருத்தியாக நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பழகியிருக்கிறார்கள்.

"என்ட்ட சொல்லவே இல்லயே அக்கா?"

"சொன்னா நீ பக்கத்துல வந்து நின்னு கைய வச்சிருவ. அப்புறம் நாங்க எங்கன படிக்க?"

பிரபாகர் சார் அந்தத் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். "இத எனக்கு ஒரு காப்பி குடுங்க மேடம்" என்றார். பிறகு குரலைத் தணித்து, "அன்னைக்கு உங்க மெயில்ல தப்பு எங்க பக்கம்னு எழுதியிருந்தீங்களே, அதனாலதான் சொன்ன மூணு வாரமும் வெயிட் பண்ணேன். நெட் பிரச்சனைன்னு எழுதியிருந்தா அன்னைக்கே முடிச்சிருப்பேன்" என்றார். செல்வின் அண்ணாச்சி ஜன்னல் வழியாக வெளியே ஏதோ முக்கியமானதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

7. பிறகு

அடுத்த வாரம் ஒப்புதல் கடிதம் வந்தது. ஆர்டர் பிரிவு சங்கரன்கோவிலிலேயே இருக்கும், தண்டர்பேர்டும் இருக்கும். என் ஏழு பக்கத்தை, பென்சில் குறிப்புகளையும் சேர்த்து, பிரபாகர் சார் ஆங்கிலத்தில் போட்டு மற்ற யூனிட்டுகளுக்கு அனுப்பினார். பழைய கம்ப்யூட்டரோடு போராடுகிற இரண்டு யூனிட்காரர்கள் இப்போதும் சந்தேகம் என்றால் எனக்குத்தான் போன் செய்கிறார்கள்.

கேட்வேயின் அடுத்த பதிப்பு வந்தபோது, என்னென்ன சரி செய்தோம் என்ற பட்டியலில் ஒரு வரி இருந்தது. வாராந்திர மீட்டிங் பிழை திருத்தப்பட்டது, கண்டுபிடித்துச் சோதித்தவர்கள் கோமதி, எஸ்தர், சங்கரன்கோவில். அக்காவின் பெயரையும் போடச் சொல்லி நான்தான் எழுதியிருந்தேன். ஊர்ப் பெயர் கேட்வேயை எழுதியவர் தானாகவே சேர்த்தது. அண்ணாச்சி அதைப் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். அதைக் கிழிக்க யாருக்கும் மனம் வரவில்லை, மங்கிப்போய் இன்னும் இருக்கிறது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது கொஞ்சம்தான். சாஃப்ட்வேர் இலவசமாகக் கிடைக்கலாம், அதைச் சோதிக்கிற உழைப்பு நம்முடையது. தவறு நம்முடையது என்றால் பெயர் போட்டு எழுதுங்கள். தெரிந்ததையும் எழுதி, மற்றவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள். நான் இல்லாவிட்டால் ஆபீஸ் ஓடாது என்பதை வெகுநாள் பெருமையாக நினைத்திருந்தேன். அது என் வேலையில் இருந்த பெரிய ஓட்டை.

அந்த வருடம் முதல் தடவையாகப் பத்து நாள் சேர்ந்தாற்போல் லீவு எடுத்து மகள் வீட்டுக்குப் போனேன். ஆபீஸிலிருந்து ஒரு போன் இல்லை. நான்காம் நாள் பொறுக்க முடியாமல் நானே கூப்பிட்டேன்.

"அக்கா, கேட்வே எப்படி இருக்கு? எதாவது..."

"நேத்து நின்னுச்சி. முத்துமாரி ஓட்டிட்டா. பையரோட மீட்டிங்ல இருக்கேன், வைட்டி" என்று சொல்லி அக்கா போனை வைத்துவிட்டார்.